தாய் லீக் இரண்டு: ஒரு பகுபத உறுப்பிலக்கணம்

பாயிரம்

தாய்லாந்துக் குழந்தைகள் அரிச்சுவடி படிக்கும்போது ஒவ்வொரு எழுத்தோடும் ஒரு பொருளைச் சேர்த்தே சொல்வார்கள். முதல் எழுத்துக்குக் கோழி. அடுத்ததற்கு முட்டை. சற்றுத் தள்ளி எருமை. அந்த வருக்கத்தின் கடைசியில் பாம்பு. நம்முடைய நெடுங்கணக்கில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே எதுவும் கிடையாது. பல்லவர் எழுத்திலிருந்து கெமேர் வழியாகப் போன அவர்களுடைய எழுத்தோ நடுவில் வந்த அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்துக்கொண்டது.

இந்த எழுத்துகளைத்தான் தாய்லாந்துக் கால்பந்து தன் தரவரிசைக்கு எடுத்துக்கொண்டது. மன்னர் ஆறாம் ராமர் காலத்தில், 1916இல் தொடங்கிய அரச கோப்பை கோழி எழுத்தின் பெயரைப் பெற்றது. கீழ்த்தரங்களுக்கு முட்டை, எருமை, பாம்பு எழுத்துகளின் கோப்பைகள் வந்தன. ஆக, நம் ஆய்வுப்பொருளான இரண்டாம் அடுக்கு மரபுப்படி முட்டை. பிறகு லீக் முறை வந்தது. முதல் அடுக்கு 1996இல், இரண்டாம் அடுக்கு 1997இல். கோழி முந்தியா முட்டை முந்தியா என்று உலகம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்க, தாய்லாந்துக் கால்பந்துச் சங்கம் அதை ஆவணத்தோடு தீர்த்துவிட்டது. கோழி ஓராண்டு மூத்தது.

முதலில் 'டிவிஷன் ஒன்று' என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவதற்கு 'ஒன்று' என்று பெயர் வைக்கும் துணிச்சல் 2017 வரை நீடித்தது. அந்த ஆண்டில் உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டு அது 'தாய் லீக் இரண்டு' ஆயிற்று. பதினெட்டுக் குழுக்கள், குழுவுக்கு 34 ஆட்டம், மொத்தம் 306. முதல் இரண்டு இடத்தார் நேரே மேலே போவார்கள். மூன்று முதல் ஆறு வரையிலான இடத்தார் பிளே-ஆஃப் ஆடி ஒருவரை அனுப்புவார்கள். கடைசி மூவர் மூன்றாம் லீக்கிற்கு இறங்குவார்கள். ஒவ்வோர் ஆண்டும் பதினெட்டில் ஆறு பேர் வீட்டைக் காலி செய்துவிடுவதால், இங்கே குடியிருப்போர் பட்டியல் என்று எதையும் நிரந்தரமாக எழுதி வைக்க முடியாது.

இப்படி ஓயாமல் மாறும் ஒன்றை எப்படி வகைப்படுத்துவது? நிலத்தால் வகுக்கலாம் என்பார் உளர். அது பொருந்தாது. என்னை? இங்கே குழு இருக்கும், நிலம் மாறிவிடும். நிறத்தால் வகுக்கலாம் என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது, விளம்பரதாரர் மாறினால் நிறமும் மாறும். ஆகவே பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்காக நாம் உருப்போட்ட அந்தப் பழைய கருவியையே கையில் எடுக்கிறோம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்பு. எந்தக் குழுவையும் இந்த ஆறாக அறுத்துவிடலாம் என்பதே இந்நூலின் துணிபு. இடைநிலையை மட்டும் வரிசை மாற்றிக் கடைசியில் வைத்திருக்கிறோம். அது வழு அன்று. காரணம் அங்கே சொல்லப்படும்.

1. பகுதி

சொல்லின் முதலில் நிற்பது பகுதி. அது கட்டளையாக அமையும்: நட, வா, போ. தாய்லாந்துக் குழுக்களின் பகுதியும் அப்படித்தான். அவற்றில் பழையவை பல, கட்டளையிடுகிறவர்களால் தொடங்கப்பட்டவை. இது நால்வகைப்படும்.

முதலாவது கட்டளைப் பகுதி. விமானப் படை, கடற்படை, காவல் துறை, சுங்கத் துறை, துறைமுக ஆணையம், மின்வாரியம், புகையிலை வாரியம் ஆகியன இதில் அடங்கும். இவற்றில் விமானப் படை 1997இலும் 1999இலும் நாட்டின் பட்டத்தை வென்றது. மாகாண மின்வாரியம் 2008இல் வென்றது. துறைமுகக் குழு 2015இல் இரண்டாம் அடுக்குக்கு விழுந்து மறு ஆண்டே எழுந்தது. அப்போது அதை நடத்திய நுவல்பான் லாம்சாம் அம்மையார், 2024இல் நாட்டின் கால்பந்துச் சங்கத் தலைவரானார். இறக்குமதியும் ஏற்றுமதியும் துறைமுகத்துக்குப் புதிதல்ல என்பது உரையாசிரியர் கருத்து.

இரண்டாவது கணக்குப் பகுதி. 1996இன் முதல் லீக்கை வென்றது பாங்காக் வங்கி. தாய் விவசாயிகள் வங்கியின் குழு அதற்கு முன்பே ஆசியக் கழகக் கோப்பையை இரண்டு முறை தொடர்ந்து வென்றிருந்தது. க்ருங் தாய் வங்கியும் பட்டம் வென்றது. மூன்று வங்கிகளும் இன்று களத்தில் இல்லை. கால்பந்தில் வரவு செலவு எப்படிப் போகும் என்று முதலில் புரிந்துகொண்டவர்கள் வங்கிக்காரர்கள் என்க.

மூன்றாவது பாடப் பகுதி. கசேத்சார்ட் வேளாண் பல்கலைக்கழகத்தின் குழு இதற்கு உதாரணம். பாங்காக் பல்கலைக்கழகக் குழு 2006இல் நாட்டின் பட்டத்தையே வென்றது. பிறகு பட்டம் பெற்ற மாணவரைப் போல் வளாகத்தை விட்டு வெளியேறி 'பாங்காக் யுனைடெட்' ஆனது.

நான்காவது ஊர்ப் பகுதி. பழைய லீக் பெரும்பாலும் தலைநகருக்குள்ளேயே உருண்டது. மாகாணங்களுக்கென்று 1999இல் தனி லீக் தொடங்கியது. இரண்டும் கலந்த பிறகே ஊர்ப்பெயர்கள் அட்டவணையை நிறைத்தன. தமிழ் வாசகருக்கு இந்த ஊர்ப்பெயர்கள் அயல் அல்ல. சோன்புரியைக் கீறினால் ஜலபுரி, காஞ்சனபுரியைக் கீறவே வேண்டாம். சுபன்புரி சுவர்ணபுரி; சுகோதய் சுகோதயம்; அயுத்தயா அயோத்தி. நக்கோன் பத்தோம் என்பது 'நகரம்', 'பிரதமம்' என்ற இரு சொற்கள். முதல் நகரம் என்று பொருள். அந்த முதல் நகரம் இரண்டாம் அடுக்கில் ஆடி, 2022-23இல் அதை வென்று மேலே சென்றது. காரணப்பெயர் இடுகுறிப்பெயராகிப் பின் மீண்டும் காரணப்பெயரான அரிய இடம் இது.

2. விகுதி

தமிழில் விகுதி, திணை பால் எண் இடம் காட்டும். தாய் லீக் இரண்டில் விகுதி காட்டுவன மூன்று: முதல், மிருகம், முகமன்.

முதல் காட்டும் விகுதி, முதலீட்டைக் காட்டுவது. நக்கோன் ராட்சசிமாவுக்குப் பின்னே ஒரு கார் நிறுவனத்தின் பெயர் வரும். பிரச்சுவாப்புக்கு முன்னே பெட்ரோல் நிலைய நிறுவனத்தின் பெயர் வரும். முன்னே வருவது எப்படி விகுதியாகும் எனின், பணம் எங்கே நின்றாலும் கடைசிச் சொல் அதனுடையதே ஆதலின் என்க. லீக்கிற்கே விகுதி உண்டு. முன்னர் அது ஒரு மோட்டார் சைக்கிள் பெயரைச் சுமந்து 'யமஹா லீக் ஒன்று' எனப்பட்டது. 2017 முதல் ஊக்க பானத்தின் பெயரில் 'எம்-150 சாம்பியன்ஷிப்' எனப்பட்டது. முதலில் வண்டி, பிறகு வண்டி ஓட்டுகிறவன் தூங்காமலிருக்கக் குடிப்பது. பரிணாமம் முறையானதே.

மிருகம் காட்டும் விகுதி பெரும்பாலும் செல்லப்பெயரில் ஒளிந்திருக்கும். நீர்வாழ்வன: சோன்புரியின் சுறா. நிலம்வாழ்வன: சுபன்புரியின் போர் யானை, லம்பூனின் வெள்ளை எருது, பிஜியின் கண்ணாடி முயல். பறப்பன: சாய்நாட்டின் இருவாட்சி, பிரச்சுவாப்பின் கொலைக்குளவி. பறந்தும் பறவையல்லாதது: சுகோதயின் நெருப்பு வௌவால். நக்கோன் ராட்சசிமாவுக்குப் பூனை. அந்த வட்டாரத்துக்கே உரிய சாம்பல்நீலப் பூனையினத்தின் பெயரையும் ஓர் அமெரிக்கக் கார்ட்டூனின் பெயரையும் சிலேடையாக்கி 'ஸ்வாட் கேட்' என்று வைத்துக்கொண்டார்கள். எந்த வகையிலும் அடங்காதது ஒன்று உண்டு. ரயோங் குழுவின் சின்னம், கவிஞர் சுந்தோன் பூவின் 'பிரா அபை மணி' காவியத்தில் வரும் டிராகன்-குதிரை. கவிஞருக்கு அம்மாகாணத்தில் நினைவிடம் இருக்கிறது. இலக்கியத்திலிருந்து நேரே ஜெர்சிக்கு வந்த விலங்கு என்பதால் அதற்குத் தனித்துறை வகுத்தோம்.

முகமன் காட்டும் விகுதி 'யுனைடெட்'. இது பலர்பால் விகுதி. யாரோடு யார் ஒன்றுபட்டார்கள் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. சுங்கத் துறைக் குழுவும் யுனைடெட் என்றே வழங்கியது. சுங்கத்தில் ஒன்றுபட்டவர்கள் வரி வாங்குகிறவரும் கட்டுகிறவருமா என்று ஆசங்கிப்பார்க்கு, அது மரியாதைப் பன்மை என்று விடை கூறுக.

3. சாரியை

பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே உச்சரிப்பு இடறாமலிருக்க வந்து நிற்பது சாரியை. அதற்குத் தனிப்பொருள் இல்லை என்பர். இக்கருத்து, பிரேசிலிலிருந்து வந்த முன்கள வீரரிடம் ஒப்பந்தம் பேசாதவர்களால் சொல்லப்பட்டது. அவருக்குத் தனிப்பொருள் உண்டு. அதுவும் மாதா மாதம்.

சாரியை மூவகை. வெளிநாட்டு வீரர் முதல்வகை. பிரேசில்காரர் கோல் அடிக்க, ஜப்பான்காரர் நடுவில் பந்தைப் பங்கிட, ஆப்பிரிக்கர் இரு முனையிலும் உயரம் கொடுக்க என்று ஒரு மரபு படிந்துவிட்டது. ஓராண்டு ஒரு குழுவிலும் மறு ஆண்டு எதிர்க்குழுவிலும் அதே சாரியையைக் காணலாம். சொல் மாறும், ஓசை அதுவே.

மாகாணத்துப் பெரிய குடும்பம் இரண்டாம் வகை. சுபன்புரிக்கு முன்னாள் பிரதமர் பன்ஹான் சில்பா-ஆர்ச்சாவின் குடும்பம். சோன்புரிக்குக் குன்ப்லூம் குடும்பம். சுகோதய்க்குத் தேப்சுதின் குடும்பம். புரிராமுக்கு நெவின் சிட்சோப். தேர்தல் நான்காண்டுக்கு ஒருமுறை வருவது. லீக்கோ வாரா வாரம் வருவது. மக்கள் நடுவே வேட்டி மடிப்பு கலையாமல் நிற்க நம்மூரில் திருவிழாக்கள் இருக்கின்றன. அங்கே அந்த வேலையைச் சொந்த மைதானத்து ஆட்டங்கள் பார்த்துக்கொள்கின்றன.

பானம் மூன்றாம் வகை. 2008இன் மதுக்கட்டுப்பாட்டுச் சட்டம் மது விளம்பரத்தை இறுக்கியது. அதன் பிறகு மைதானங்களில் பியர் நிறுவனங்களின் சின்னங்கள் குடிதண்ணீருக்கும் சோடாவுக்கும் ஆனவையாக நிற்கின்றன. யானை ஒன்று தண்ணீர் விற்கிறது. சிங்கம் ஒன்று சோடா விற்கிறது. எழுத்தில் நீர், ஒலியில் நுரை. இதனை ஆகுபெயர் என்பாரும் உளர்.

4. சந்தி

இரு சொற்கள் சந்திக்கும் இடத்தில் நடப்பது சந்தி. இரு குழுக்கள் சந்தித்தால் ஆட்டம். இரு குழுக்களின் உரிமையாளர்கள் சந்தித்தால் சந்தி.

'போலீஸ் டெரோ' என்ற பெயரே இதற்குச் சான்று. காவல் துறையும் ஒரு கேளிக்கை நிறுவனமும் ஒரே சட்டைக்குள் புகுந்த தொகைச்சொல் அது. உம்மைத்தொகையா அன்மொழித்தொகையா என்பதை அட்டவணை தீர்மானிக்கும்.

இதனினும் நுட்பமானது புரிராம் சந்தி. 2011இல் முதல் அடுக்கை வென்றது புரிராம் பி.இ.ஏ., அதாவது மாகாண மின்வாரியக் குழு. அதே ஆண்டில் இரண்டாம் அடுக்கை வென்றது புரிராம் எஃப்.சி. இரண்டும் ஒரே முகாம். வென்ற இரண்டும் ஒரே அடுக்கில் எதிரெதிரே நின்றால் எந்தப் பக்கம் கைதட்டுவது என்ற தத்துவச் சிக்கல் எழுந்தது. தீர்வு எளிது. மூத்தது 2012இல் 'புரிராம் யுனைடெட்' ஆனது. இளையது வென்ற இடம் தெற்கே சோங்க்லாவின் 'வுவாசோன் யுனைடெட்' குழுவுக்குப் போனது. வுவாசோன் என்றால் சண்டைக்காளை. தென் தாய்லாந்தில் காளைக்குக் காளை மோதவிடும் வழக்கம் உண்டு. இந்தக் காளை மேலேறியது கொம்பால் அன்று, கையெழுத்தால்.

5. விகாரம்

விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். மெய்யெழுத்துகளுக்காக வகுத்த இந்த மூன்றையும் இலக்கணத்தார் வேறொன்றுக்குப் பயன்படுத்தியிருந்தால், அது தாய்லாந்துக் கால்பந்தாகத்தான் இருந்திருக்கும்.

தோன்றல்: முவாங்தோங் யுனைடெட் 2007இல் மூன்றாம் அடுக்கை வென்றது, 2008இல் இரண்டாமதை, 2009இல் முதலாவதை. மூன்று ஆண்டில் மூன்று மாடி. இரண்டாம் அடுக்கு அதற்குப் படிக்கட்டின் திருப்பம் மட்டுமே. மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

திரிதல்: மாகாண மின்வாரியக் குழு அயுத்தயாவில் இருந்து 2010இல் புரிராமுக்குப் பெயர்ந்தது. மின்வாரியம் கம்பம் நடும் என்பதே நாம் அறிந்தது. கம்பத்தைப் பிடுங்கி வேறு ஊரில் நடும் என்பதைக் கால்பந்து காட்டியது. புகையிலை வாரியக் குழு சமுத் சாகோன், பிச்சித், சியாங் மாய் என்று ஊருக்கு ஊர் பெயர் ஒட்டிக்கொண்டு நடந்தது. புகை ஓரிடத்தில் நிற்காது என்பது இயற்கை. பட்டாயா யுனைடெட் 2019இல் 'சமுத் பிராகான் சிட்டி' ஆனது. கடற்கரையில் நேற்று வரை கொடி பிடித்த ரசிகனுக்கு என்ன ஆயிற்று என்பதை எந்த விதியும் சொல்லவில்லை. சொல் திரியும்போது அதைச் சொல்லிப் பழகிய வாயைப் பற்றி இலக்கணம் பேசுவதில்லை.

கெடுதல்: எண்ணெய் நிறுவனத்தின் பி.டி.டி. ரயோங் 2018இல் இரண்டாம் அடுக்கை வென்றது. 2019இல் முதல் அடுக்கில் ஆடியது. இறங்கும் இடத்திலும் முடிக்கவில்லை. பருவம் முடிந்ததும் குழுவையே கலைத்துவிட்டார்கள். தோற்று இறங்கியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. தோற்காமல் மறைந்தது அபூர்வம். கெடுதல் விகாரத்துக்கு இதைவிடத் தூய உதாரணம் கிடைக்காது.

6. இடைநிலை

இப்போது இடைநிலை. பள்ளியில் நாம் கற்றது இதுதான்: வினைச்சொல்லில் காலம் காட்டுவது பகுதி அன்று, விகுதி அன்று, நடுவே நிற்கும் இடைநிலை. நட என்பதில் காலம் இல்லை. ஆன் என்பதிலும் இல்லை. இடையில் ஒரு த், ஒரு கிறு, ஒரு ப் வந்து நின்றால்தான் நடந்தானா, நடக்கிறானா, நடப்பானா என்று தெரியும்.

இரண்டாம் அடுக்கு என்பது அந்த இடைநிலை. இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம். ஆகவே கடைசியில் வைத்தோம்.

இறந்தகாலக் குழுக்கள் இங்கே உண்டு. சோன்புரி 2007இல் நாட்டின் பட்டத்தை வென்றது. 2023-24 பருவத்தின் முடிவில் முதன்முறையாக இங்கே இறங்கியது. ஒரே ஆண்டில் திரும்பிப் போனது. போலீஸ் டெரோவின் பழைய பெயர் பெக் டெரோ. அந்தப் பெயரில் அது 2003இல் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அல் ஐன் அணியை எதிர்கொண்டது. அதே குழு 2019இல் இங்கே ஆடியது. 2024இல் மறுபடியும் இறங்கியது. இவர்கள் ஆடும்போது மைதானத்தில் ஒரு பழைய நாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

நிகழ்காலக் குழுக்களும் உண்டு. கசேத்சார்ட் போன்றவை அவை. ஏறவும் மாட்டா, இறங்கவும் தயங்கும். வேளாண் பல்கலைக்கழகம் அல்லவா, விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவே காத்திருப்பது அதற்குப் பாடத்திட்டத்திலேயே உண்டு.

எதிர்காலக் குழுக்கள் இங்கே தங்குவதில்லை. லம்பூன் வாரியர்ஸ் 2020-21இல் மூன்றாம் அடுக்கிலிருந்து ஏறியது. 2021-22இல் இரண்டாமதை வென்றது. அடுத்த பருவம் முதலாவதில் ஆடியது. எருது மெதுவாக நடக்கும் என்று சொன்னவர் யார் என்று தெரியவில்லை.

காலமயக்கமும் உண்டு. அதன் பெயர் பிளே-ஆஃப். மூன்றாம் இடத்தில் முடித்தவன் 'மேலே போய்விட்டேன்' என்று இறந்தகாலத்தில் பேசுவான். ஆறாம் இடத்தில் முடித்தவன் வந்து அதை எதிர்மறையாக்குவான். விரைவுபற்றி எதிர்காலம் இறந்தகாலமாகச் சொல்லப்படுதல் அமைதி என்று இலக்கணம் மன்னிக்கும், பிளே-ஆஃப் மன்னிக்காது.

எச்சமும் உண்டு. 2016 அக்டோபர் 13இல் மன்னர் பூமிபோல் மறைந்தார். பருவம் முடியவில்லை, ஆனால் முடிக்கப்பட்டது. நின்ற இடத்தில் நின்ற அட்டவணையே இறுதியானது. இரண்டாம் அடுக்கின் பட்டம் தாய் ஹோண்டாவுக்கு. அவ்வாண்டின் எஃப்.ஏ. கோப்பையில் எஞ்சியிருந்த நான்கு குழுக்களும் கூட்டாக வென்றதாக அறிவிக்கப்பட்டன. ஆசியப் போட்டிக்கான இடம் குலுக்கலில் சுகோதய்க்குப் போயிற்று. வினைமுற்று வராமலேயே பொருள் முற்றுப்பெற்ற வாக்கியம் அது. பிறகு 2020 வந்தது. மார்ச்சில் நின்ற பருவம் செப்டம்பரில் தொடர்ந்து மறு ஆண்டில் போய் முடிந்தது. அந்த இடைவெளியையே வழியாக்கி லீக் தன் நாட்காட்டியையும் மாற்றிக்கொண்டது. ஆண்டின் பிற்பாதியில் தொடங்கி அடுத்த ஆண்டின் முற்பாதியில் முடிவது அதிலிருந்து வழக்கமானது.

பகுத்துக் காட்டல்

ஒன்றைப் பகுத்துக்காட்டி முடிப்போம். சொல்: பிஜி பாதும் யுனைடெட்.

பிஜி என்பது பகுதி. பாங்காக் கண்ணாடித் தொழிற்சாலை, பாட்டில் செய்வது. அது களத்துக்கு வந்தது 2009இல், க்ருங் தாய் வங்கிக் குழுவின் இடத்தை வாங்கி. ஆகவே அது சந்தி. 'பாங்காக்' கெட்டு 'பாதும்' தோன்றியது விகாரம். மைதானம் இருப்பது பாதும் தானி மாகாணத்தில், பாதும் என்பது நம் பதுமம். யுனைடெட்டும் முயலும் விகுதி. பானம் சாரியை.

இடைநிலை எங்கே? பெயரில் தேடினால் கிடைக்காது. 2018இல் முதல் லீக்கைப் பதினெட்டிலிருந்து பதினாறாகச் சுருக்கினார்கள். அதனால் ஐந்து பேர் இறங்க வேண்டியிருந்தது. பதினான்காம் இடத்தில் முடித்த இந்தக் குழு, மூவர் மட்டும் இறங்கும் ஆண்டாக இருந்திருந்தால் தப்பியிருக்கும். அந்த ஆண்டு இறங்கியது. 2019இல் இரண்டாம் அடுக்கை வென்றது. 2020-21இல் நாட்டின் பட்டத்தையே வென்றது.

இரண்டாம் அடுக்கில் கழித்த அந்த ஓராண்டில் வெளியூர் மைதானங்களில், கரிக்கனலில் வாட்டிய பன்றிக்கறிக் குச்சிகளும் ஒட்டரிசிப் பொட்டலங்களும் விற்கும் வாசல்களைக் கடந்து, விருந்தினர் பக்கத்தில் போய் உட்கார்ந்த முயல் ரசிகர்கள் கொஞ்சம் பேர்தான் இருந்திருப்பார்கள். பட்டம் வென்றபின் அந்த ஊரில் எல்லோரும் முயல்தான். குழுவைப் பகுக்கச் சொன்னால் புதியவர்கள் பகுதியையும் விகுதியையும் சரியாகச் சொல்வார்கள். இடைநிலையைக் கேட்டால் மட்டும் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவரைத் தேடிப் போக வேண்டும். அவர் யோசிக்காமல் '2019' என்பார். இரண்டு மதிப்பெண் அவருக்கே.